பிள்ளைகளோட ஆகஸ்ட்ல வாறம்: யானை, பறவை பாக்க மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நல்ல வழிகாட்டி?

கல்லடி_மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடி. கலியாணம் முடிச்சு லண்டனுக்கு வந்து கன வருசம். ஆகஸ்ட் ரெண்டாம் கிழமை பிள்ளைகளோட ஊருக்கு வாறன். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயசு, சின்னவளுக்கு எட்டு. சொந்தக்காரர் வீடு, கோயில், கடல் எல்லாம் போக, மூணு நாளை யானையும் பறவையும் காடும் பாக்கவெண்டே ஒதுக்கி வைச்சிருக்கன். என்ட அம்மாவும் வருவா. அவவுக்கு அறுபத்தெட்டு. முழங்கால் வருத்தம், ஆனா உகந்தை முருகனைக் கும்பிடாம விடமாட்டன் எண்டு நிக்கிறா.

இணையத்துல தேடினா ஒரு கொம்பனி ஒருநாள் பயணம் போட்டிருக்கு. விடிய குமணப் பூங்கா, மத்தியானம் லகுகலைப் பூங்கா, பின்னேரம் சேனாநாயக்க சமுத்திரத்துல படகு. எல்லாம் ஒரே நாள்ல. வழிகாட்டி இங்கிலீசுல விளங்கப்படுத்துவாராம். சிறுத்தை கட்டாயம் காட்டுவம் எண்டும் எழுதியிருக்கிறாங்க. விலையும் கொஞ்சநஞ்சமில்ல.

இது ஏலுமான காரியமா? வேற எப்படிப் போனா நல்லம்? நல்ல வழிகாட்டி ஒருத்தரை எதை வைச்சு அடையாளம் காணுறது? எங்கட வீட்டுல தமிழ்தான் பேசுறம். எங்கட காட்டை ஒருத்தர் தமிழ்ல சொல்லிக் காட்ட, பிள்ளைகள் கேக்கவேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை. அந்தப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

---

திருக்கோவில்_வான் எழுதியது:

தங்கச்சி, அந்த ஒருநாள் பயணத்துக்குக் காசு கட்டிராதீங்க.

நான் திருக்கோவில். வான் ஓட்டுறன், வழிகாட்டியாவும் போறன். ஆகஸ்ட் முழுக்க எனக்கு ஏற்கெனவே ஆக்கள் இருக்கிறாங்க, அதால இது வேலை பிடிக்க எழுதுறதில்ல. உகந்தையில இருந்து சமுத்திரப் படகு வெளிக்கிடுற இங்கினியாகலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல ஓடவேணும். பாணமைக்கு அங்கால கிரவல் றோட்டு. அண்டைக்கு முழுக்க ஒங்கட பிள்ளைகள் பாக்கப்போறது வான் கண்ணாடியைத்தான். சின்னவள் மத்தியானத்துக்கு முன்னமே நித்திரையாகிருவாள். மூணு நாள் கையில இருக்கெண்டா ரெண்டு இடம் காணும். ரெண்டுக்கும் ஒவ்வொரு முழுக் காலமை குடுங்க. மிச்ச நாளை அம்மாவுக்கும் கோயிலுக்கும் வைங்க.

ஒரே ஒரு இடம்தான் எண்டா நான் சேனாநாயக்க சமுத்திரத்தைச் சொல்லுவன். பட்டிப்பளை ஆத்தை இங்கினியாகலையில மறிச்சு அணை கட்டினது கல்லோயாத் திட்டத்துல, டி. எஸ். சேனாநாயக்கவின்ட காலத்துல தொடங்கின வேலை. நாட்டுல இருக்கிற குளங்களுக்குள்ள ஆகப் பெரிசு இதுதான். தண்ணி ஏறினதோட அங்க இருந்த குன்றும் மேடும் தீவாப் போச்சு. குளத்துக்குத் தண்ணி தாற காடு அழியக்கூடாது எண்டு 1954ல சுத்தி இருக்கிற காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினாங்க. கோடையில தண்ணி வத்த வத்த கரையிலயும் தீவுகள்லயும் இளம்புல்லு முளைக்கும். அந்தப் புல்லுக்காகத்தான் யானை தீவுக்குத் தீவு நீந்துது. எங்கட நாட்டுல படகில இருந்து இதைப் பாக்க இதைவிட நல்ல இடம் நான் அறியன்.

மார்ச்சில இருந்து ஜூலை வரை திறமான காலம். ஆகஸ்ட்டும் பிழையில்ல. ஆனா அந்த மாசம் கச்சான் காத்து. பகல் ஏற ஏறக் காத்து எழும்பும், அவ்வளவு அகண்ட தண்ணியில அலை அடிக்கத் தொடங்கிரும். பின்னேரப் படகு ஒங்களுக்கு வேணாம். வெள்ளாப்புல ஏறுங்க. அதுக்கு முதல் நாள் இரவு அம்பாறையிலயோ இங்கினியாகலையிலயோ தங்கினாத்தான் சரிவரும். மட்டக்களப்பில இருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு வந்தா நல்ல நேரம் றோட்டுலயே போயிரும்.

இனி வழிகாட்டி. இதை நான் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், எனக்கு மனசுல கிடக்கிற விசயம்.

ஒருக்கா நாங்க தீவு ஒண்டுக்கு இப்பால நிக்கிறம். கூட்டம் ஒண்டு தண்ணிக்கு இறங்குது. எங்கட படகோட்டி நல்ல தூரத்துலயே எஞ்சினை நிப்பாட்டிட்டார். மூத்த பெண் யானை முன்னுக்கு வந்து முன்னங்காலைத் தண்ணியில வைச்சு, எடுத்து, திரும்ப வைச்சுது. தும்பிக்கையைத் தூக்கி எங்கட பக்கம் மணம் பிடிச்சுது. நாங்க மூச்சு விடல்ல. அப்பிடியே இறங்கினா, பிறகால மத்ததுகள், குட்டி ரெண்டுக்கும் நடுவில. ஆழத்துக்குப் போனதும் உடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள போயிட்டுது. நெத்தியும் தும்பிக்கை நுனியும்தான் மேல தெரியும், அந்த நுனியால மூச்சு விடுற சத்தம் எங்களுக்குக் கேக்குது. குட்டிட தும்பிக்கை இடைக்கிட தாழும், உடன தாய் பக்கத்தில ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் வேற படகு ஒண்டு எஞ்சினை முறுக்கிக்கொண்டு கிட்டப் போச்சுது, ஆக்களுக்குப் படம் எடுக்க. நேரே அதுகள் போற வழிக்குக் குறுக்கால. முன்னுக்குப் போன யானை நடுத்தண்ணியில கிறுகிச்சு. கூட்டம் முழுக்கக் கிறுகிச்சு. அக்கரைக்குப் பாதித் தூரம் நீந்தின குட்டி, வந்த தூரம் முழுக்கத் திரும்ப நீந்தவேண்டி வந்துது. கரையேறினதும் அதுட கால் நடுங்கினதை நான் தொலைநோக்கியில பாத்தன். அந்தப் படகுல இருந்த சனம் கைதட்டிச்சு. அதுகளுக்கு என்ன நடந்ததெண்டே தெரியாது, சொல்லிக் குடுக்க ஆள் இல்ல.

அதால வழிகாட்டியிட்ட நான் எதிர்பாக்கிறது முதலாவது இதுதான்: எஞ்சினை எங்க நிப்பாட்டவேணும் எண்டு தெரிஞ்சிருக்கணும், காசு தந்த ஆள் கிட்டப் போகச் சொன்னாலும் மாட்டன் எண்டு சொல்ற துணிவு இருக்கணும். என்ட கணக்குக்கு நூறு மீற்றருக்கு உள்ள போகவே தேவையில்ல. யானை போற திசைக்குக் குறுக்கால எப்பவும் நிக்கக்கூடாது.

போன்ல பேசக்கொள்ள, எத்தினை மிருகம் காட்டுவீங்க எண்டு கேக்காதீங்க. யானை கிட்ட வந்தா என்ன செய்வீங்க எண்டு கேளுங்க. மறுமொழியிலயே ஆளைப் பிடிச்சிரலாம். சிறுத்தை கட்டாயம் எண்டு சொல்றவர் பொய் சொல்றார், அவ்வளவுதான். குமணயில சிறுத்தை இருக்கு, நானும் கண்டிருக்கன். ஆனா காட்டுல நிக்கிற சிறுத்தைக்கு எந்தக் கொம்பனியும் உத்தரவாதம் குடுக்க ஏலாது. அப்பிடிச் சொல்லிப்போட்டு வாற சாரதி, அதைக் காட்டவேணுமே எண்டு ஜீப்பைப் பறக்கவிடுவார். அந்த ஓட்டத்துல முள்ளு மரத்துல இருக்கிற பறவை, றோட்டைக் கடக்கிற ஆமை ஒண்டும் கண்ணுல படாது.

இன்னொண்டு: இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதி அட்டை குடுக்குது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஒரு இடத்துக்கு மட்டும் உள்ள தல வழிகாட்டி எண்டு வகை இருக்கு. அட்டை இருக்கா எண்டு கேளுங்க, கேட்டா நல்ல ஆள் கோவிக்க மாட்டார். பூங்காவுக்குள்ள வனசீவராசிகள் திணைக்கள ஆள் ஒருத்தரும் ஒங்களோட ஏறுவார். காட்டை அவர் கரைச்சுக் குடிச்சவர், ஆனா இங்கினியாகலையில பெரும்பாலும் சிங்களத்துலதான் பேசுவார். சிங்களமும் தமிழும் தெரிஞ்ச வழிகாட்டி ஒருத்தர் கூட வந்தா அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் பிள்ளைகளுக்கு வந்து சேரும். அம்பாறை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் அப்பிடிப்பட்ட பொடியனுகள் நிறைய இருக்கிறாங்க. தேடினாக் கிடைக்கும்.

---

முகத்துவாரம் எழுதியது:

சகோதரி, திருக்கோவில் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நான் மட்டக்களப்பில் படிப்பிக்கிறேன், ஓய்வு நாட்களில் மாணவர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறவன். எனக்குள்ள ஒரே கவலை, உங்கள் பயணத் திட்டத்தில் எங்கள் வாவி இல்லாமல் போனது.

கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஓடுவதால் நாங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவி அது. பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. முதல் நாள் காலை தூரப் பயணம் எதுவும் வேண்டாம், பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் ஒரு தோணி பேசி, கண்ணாக்காட்டு (கண்டல் காட்டு) ஓரமாக மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மீன்பிடிக்கிற ஒருவரே போதும். எந்த மூலையில் எந்த நேரத்தில் கொக்கு இறங்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வற்றுநேரமாகப் பார்த்துப் போனால் சேற்றில் சிறு நண்டுகளைக் காட்டலாம். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெருத்திருக்கும். பெண் நண்டைக் கூப்பிட அந்தக் கையை மேலே தூக்கித் தூக்கி ஆட்டும். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஆட்டும்போது சேறே அசைவது போல இருக்கும். தோணியின் நிழல் விழுந்ததும் எல்லாம் வளைக்குள் போய்விடும். அசையாமல் ஐந்து நிமிடம் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை என்னிடம் இல்லை. கண்டல் மரத்தையும் கிட்டப் போய்ப் பார்க்க வையுங்கள். காய் மரத்தில் இருக்கும்போதே முளைத்து, பச்சைக் குச்சியாக ஒரு முழத்துக்குத் தொங்கும். விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று அங்கேயே வளரும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் வேர்விடும்.

ஆகஸ்ட் மாதம் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். வடக்கே இருந்து வருகிற வாத்துகளும் உள்ளான்களும் பெரும்பாலும் மாரி தொடங்கும்போதுதான் வந்து சேரும், பங்குனி சித்திரையில் திரும்பிவிடும். அவற்றை நீங்கள் பெரிதாகப் பார்க்கமாட்டீர்கள். ஆனால் கூழைக்கடா, நீர்க்காகம், நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, செம்பருந்து, மீன்கொத்தி வகைகள் எப்போதும் இங்கேயே இருப்பவை. வலையிறவுப் பாலத்தில் காலை ஆறரைக்கு நின்றாலே பாதியைப் பார்த்துவிடலாம், ஒரு சதமும் செலவில்லை.

குமணயைப் பற்றி: அங்குள்ள வில்லு, ஏறத்தாழ இருநூறு ஹெக்டயர் சதுப்பு, நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகிற இடம். அது சித்திரையில் இருந்து ஆடி வரை. ஆகஸ்ட்டில் குஞ்சுகள் பறந்திருக்கும், தண்ணீரும் வற்றியிருக்கும். பறவைக்காகப் போவதானால் அடுத்த முறை வைகாசி, ஆனியில் வாருங்கள். நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் மிஞ்சியிருக்கிற கருங்கழுத்து நாரைக்கு அது முக்கியமான இடம். இந்த முறை பொத்துவில் களப்பு உங்களுக்குப் பொருத்தம். மீனவர்களே துடுப்பு வலித்துப் போகிற தோணி, எஞ்சின் இல்லை, காசு நேரே அவர்கள் கைக்குப் போகிறது.

---

கல்லடி_மகள் எழுதியது:

அண்ணா, சேர், ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. அந்த யானைக் குட்டியின்ட கதையை வாசிச்சு மகன் ஒண்டும் பேசாம இருந்தான். பிறகு, "நாங்க போற படகுலயும் அப்பிடிச் செய்தா நான் என்ன சொல்றது?" எண்டு கேட்டான். நீங்கதான் மறுமொழி சொல்லவேணும்.

எனக்கு இன்னும் கொஞ்சம் கேள்வி இருக்கு. அம்மாவால ஜீப்புல குலுங்க ஏலாது. படகுல ஏறி இறங்குறது எப்பிடி? உகந்தைக்கு வான்ல போகலாமா? அங்க வரைக்கும் போயிட்டு மகனுக்குக் குமண காட்டாம கிறுகி வந்தா அவன் விடமாட்டான், பறவை இல்லாட்டிலும் பரவாயில்ல எண்டுறான். பிள்ளைகளுக்குப் பிரித்தானியப் பாஸ்போட், எனக்கும் அதுதான். டிக்கட் எப்பிடி? யானைக்குக் கிட்டப் போற பயத்தைப் பத்தியும் சொல்லுங்க, சின்னவள் கொஞ்சம் பயந்த சுபாவம்.

---

வெல்லாவெளி_வயல் எழுதியது:

புள்ள, நான் படுவான்கரை, வாவிட மேற்குக் கரை. வழிகாட்டி வேலை எனக்குத் தெரியாது. யானையைத் தெரியும்.

நீங்க காசு குடுத்துப் பாக்கப் போறதை நாங்க வெட்டுக் காலத்துல இரவிரவாக் காவல் நிண்டு விரட்டுறம். பரண்ல ஏறி, டோர்ச் அடிச்சு, தகரம் தட்டி, கச்சேரியாலயோ திணைக்களத்தாலயோ தாற யானைவெடியைக் கொளுத்தி. சில நாள் வெடிக்கும் பயப்படாது. வீட்டுக்குள்ள நெல்லு அடுக்கி இருந்தா மணம் பிடிச்சு வந்து சுவரை இடிக்கும். எங்கட பக்கத்து வீட்டுச் சுவரை இடிச்சு மூட்டையை இழுத்தெடுத்துது, அந்த அறையிலதான் புள்ளைகள் படுக்கிறது. அண்டைக்குக் கடவுள் காப்பாத்தினார். எல்லா வீட்டுலயும் அப்பிடி நடக்கல்ல. ஒத்தை அலியன், அதான் தனிச்சுத் திரியிற ஆண் யானை, ஒண்டு ஊருக்குள்ள வந்திட்டுதெண்டா பொழுது பட்டதுக்குப் பிறகு ஒருத்தரும் சைக்கிள்ல போகமாட்டம்.

2019ல மட்டும் நாடு முழுக்க 400க்கு மேல யானை செத்துது, 120 பேரளவு சனமும் செத்துது. அதுக்குப் பிறகும் குறையல்ல. யானை செத்தாலும் எங்களுக்குச் சந்தோசம் இல்ல. அது போற பாதையை மறிச்சுக் குடியேத்தினதும், மின்வேலியைப் பிழையான இடத்துல போட்டதும் யானையுமில்ல, நானுமில்ல.

இதை ஏன் எழுதுறன் எண்டா, ஒங்கட புள்ளைகள் தண்ணியில நீந்துற யானையை மட்டும் பாத்திட்டுப் போனா அரைவாசிதான் பாத்தது. நீங்க மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைக்கு வருவீங்கதானே, தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு. அப்ப இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வாங்க. காவல் பரண் எப்பிடி இருக்கும், யானை வந்து போன வயல் எப்பிடிக் கிடக்கும் எண்டு காட்டுறம். பகல்ல பயமில்ல. ஒரு ரூவாயும் வேணாம். தேத்தண்ணி தாறம், தயிர் தாறம்.

---

திருக்கோவில்_வான் எழுதியது:

வெல்லாவெளி அண்ணே, நீங்க எழுதினதை நான் என்ட வான்ல ஏறுற எல்லாருக்கும் சொல்லுறன் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. தங்கச்சி, அவர் கூப்பிட்டா கட்டாயம் போங்க. நான் வேற வழிகாட்டிப் பொடியனுகளுக்கும் இதைத்தான் சொல்றது: யானையைக் காட்டுறவன் யானையால வயல் இழந்த மனுசனையும் அறிஞ்சிருக்கணும், இல்லாட்டி அவன் சொல்ற கதை வெளிநாட்டுக்காரனுக்கு எழுதின விளம்பரம்.

இனி ஒங்கட கேள்விகள்.

மகனிட்ட சொல்லுங்க, படகு கிட்டப் போனா, "அண்ணே, நிப்பாட்டுங்க, எங்களுக்கு இந்தத் தூரம் காணும்" எண்டு அவனே சத்தமாச் சொல்லட்டும். படகோட்டிமார் கிட்டப் போறது சனம் கேக்கிறதாலதான். பின்னுக்கு வைச்சுப் பேசுறதைவிட, ஏறுறதுக்கு முன்னமே கரையில வைச்சு, கிட்டப் போகத் தேவையில்ல, காசு குறைக்கமாட்டம் எண்டு சொல்லிருங்க. அவருக்கும் மனசு ஆறும். பன்னிரண்டு வயசுப் பொடியன் ஒருத்தன் அப்பிடிச் சொன்னா எந்தப் படகோட்டியும் கேப்பார், எனக்கு அதுல நம்பிக்கை இருக்கு.

அம்மாவுக்கு இங்கினியாகலைப் படகு ஏலும். கரையில இருந்து படகுக்குக் கால் தூக்கி வைக்கிற அந்த ஒரு அடிதான் கஷ்டம். தண்ணி வத்தியிருந்தா கரை சரிவாவும் இருக்கும். ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு இறக்கவேணும் எண்டு முதலே சொல்லி வைங்க. லைப் ஜக்கற் இல்லாமப் படகு ஏறாதீங்க. சின்னவளின்ட அளவுக்குச் சின்ன ஜக்கற் இருக்கா எண்டு முதல் நாளே கேளுங்க. பெரிய ஆளுட ஜக்கற்றைப் பிள்ளைக்குப் போட்டா தண்ணியில விழுந்த உடன அது மேலால கழண்டிரும். இதுல விட்டுக்குடுக்காதீங்க.

உகந்தைக்கு வான் போகும். பாணமைக்கு அங்கால மெதுவாப் போகச் சொல்லுங்க, அம்மாட முழங்காலுக்காகவும், விடியப்புறம் றோட்டுல நிக்கிற யானைக்காகவும். கோயில் வாசலுக்குக் கிட்டத்தான் குமணப் பூங்காட வாசலும். அது ஆறு மணிக்குத் திறக்கும். நான் என்ன செய்வன் எண்டா, அம்மாவுக்குத் துணையா ஒங்கட சித்தியையோ பெரியம்மாவையோ சேத்துக் கூட்டிப் போவன். அவங்க கோயில்ல கும்பிட்டு மண்டபத்துல ஆறட்டும். பிள்ளைகளும் நீங்களும் ஜீப்புல உள்ளுக்குப் போய் பத்து மணிக்குள்ள வந்திரலாம். ஜீப்பை அறுகம்பேயிலயே பேசி, உகந்தைக்கு வரச்சொல்லுங்க. குரங்குத் தொல்லை இருக்கு, அம்மாட கையில பழப் பையைக் குடுத்து இருத்திராதீங்க.

அம்மா உகந்தையை ஏன் விடமாட்டன் எண்டு நிக்கிறா எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. ஆடியில கதிர்காமத்துக்கு நடந்து போற சனம் இந்த வழியாலதான் போகும். குமணக் காட்டுக்குள்ளால, கும்புக்கன் ஆத்தைக் கடந்து, யால வழியா. சிறுத்தையும் கரடியும் யானையும் உலாவுற காட்டுல, அரோகரா சொல்லிக்கொண்டு சின்னஞ்சிறுசுகளில இருந்து கிழவிமார் வரைக்கும் நடக்கிறாங்க. சண்டைக் காலத்துல 1985ல இருந்து பூங்கா மூடிக் கிடந்தது, 2003லதான் திறந்தாங்க. அம்மாட வயசு ஆக்களுக்கு இந்தக் காட்டோட உள்ள உறவு வழிகாட்டிமாருக்குக் கூட இல்ல. ஜீப்புல போகாட்டிலும் அம்மாவைப் பேசவிட்டுப் பிள்ளைகளைக் கேக்க வைங்க.

முகத்துவாரம் சேர் சொன்ன பொத்துவில் களப்பை நானும் சரி எண்டுறன். உகந்தையால வந்த அண்டைக்குப் பின்னேரமே அதை வைச்சுக்கொள்ளலாம். களப்பு மறைவான இடம், கடல் மாதிரி அலை அடிக்காது. முதலை இருக்கு, தண்ணிக்குள்ள கை போடவேணாம் எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லி வைங்க. பொழுது சாயுற நேரம் சில நாள் கரைக்கு யானையும் வரும். லகுகலைக்கெண்டு தனியா நாள் ஒதுக்காதீங்க. பொத்துவிலில இருந்து மொனராகலை றோட்டால சியம்பலாண்டுவ வழியா இங்கினியாகலைக்குப் போனா அது வழியிலயே வரும். குளத்துல ஒரு வகைப் புல்லு அடர்த்தியா வளரும், யானைக்கு அதுல சரியான விருப்பம். கோடையில பின்னேரத்துல றோட்டுக்குக் கிட்டவே கூட்டம் நிக்கும். வானை விட்டு இறங்காதீங்க. சாப்பாடு எறியாதீங்க. றோட்டோரத்துல சாப்பாடு குடுத்துப் பழக்கின யானைதான் பிறகு வானை மறிச்சுக் கண்ணாடியை உடைக்குது.

சின்னவளின்ட பயம் நல்லதுதான். அதைப் போக்கவேணாம், எதைப் பாத்துப் பயப்படவேணும் எண்டு சொல்லிக் குடுத்தாக் காணும். காது விசிறி ஆடுது, வால் ஆடுது, புல்லைப் பிடுங்கிக் காலில தட்டி மண் உதறித் தின்னுது எண்டா யானை நிம்மதியா இருக்கு. காதை ரெண்டு பக்கமும் விரிச்சு அசையாம வைச்சா, வால் விறைச்சா, முன்னங்காலால மண்ணைக் கிளறினா, தலையை உதறினா, விலகிப் போ எண்டு சொல்லுது. அதைச் சின்னவளையே கவனிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அந்த வேலை கையில இருந்தாப் பிள்ளை பயத்தை மறந்திருவாள். கொம்பனைத் தேடி ஏமாறாதீங்க. எங்கட நாட்டு ஆண் யானையில பத்துக்கு ஒண்டு கூடக் கொம்பன் இல்ல. காட்டுக்கோழியைக் காட்டுங்க, அது இலங்கையை விட்டு வேற எங்கயும் இல்லாத பறவை, சேவல் றோட்டோரத்துலயே மேயும்.

டிக்கட்: இலங்கை ஆக்களுக்கும் வெளிநாட்டு ஆக்களுக்கும் விலை வேற வேற. வித்தியாசம் பெரிசு. அம்மாவுக்கு அடையாள அட்டை காட்டினா உள்நாட்டு விலை. சின்னவளுக்கு வெளிநாட்டுச் சிறுவர் டிக்கட், மூத்தவன்ட வயசுக்கு எது எண்டு கேட்டுக்கொள்ளுங்க. ஒங்களுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா அந்தப் பத்திரத்தையும் கொண்டுவாங்க. டிக்கட்டுக்கு மேல சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் வரும். யாரோட பேசினாலும், நீங்க சொல்ற விலைக்குள்ள இதெல்லாம் அடங்குமா எண்டு எழுத்துல கேட்டு வாங்குங்க. வாசல்ல வைச்சுத்தான் கனபேருக்குச் சண்டை வாறது.

---

கல்லடி_மகள் எழுதியது:

அண்ணா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். சின்ன வயசுல அவட அப்பாவோட உகந்தை வரை நடந்த கதையை ஒண்டரை மணித்தியாலம் சொன்னா. நான் இதுக்கு முன்ன கேட்டதே இல்ல.

முடிவு செய்திட்டம். முதல் நாள் வாவியும் வெல்லாவெளியும். ரெண்டாம் நாள் வெள்ளாப்புல உகந்தை, குமண, பின்னேரம் பொத்துவில் களப்பு, இரவு அங்கயே தங்குறம். மூணாம் நாள் பின்னேரம் லகுகலை வழியா அம்பாறைக்குப் போய்ப் படுத்து, மற்ற நாள் விடிய இங்கினியாகலைப் படகு. ஒரு நாள் கூடிப்போச்சு, கடலை ஒரு நாள் குறைச்சிட்டன். வெல்லாவெளி ஐயா, தனிமடல்ல ஒங்கட தொடர்பை அனுப்புங்க. பிள்ளைகளுக்கு எருமைத் தயிர் எண்டா உயிர்.

சாப்பாடு, உடுப்பு ஏதாவது விசேசமாப் பாக்கவேணுமா?

---

திருக்கோவில்_வான் எழுதியது:

பச்சை, மண்நிறம், சாம்பல் நிற உடுப்பு. வெள்ளையும் சிவப்பும் வேணாம். வாசனைத் தெளிப்பான் அடிக்காதீங்க. சாப்பாட்டை லஞ்ச் ஷீட்டுல சுத்தாம வாழையிலையில கட்டி ஒரு டப்பாவுக்குள்ள வைங்க, பொலித்தீனைப் பூங்கா வாசல்ல வாங்கி வைச்சிருவாங்க. உகந்தைக்குப் போறதால அண்டைக்கு மச்சம் இல்லாம, புட்டும் சம்பலும் காணும். படகுக்குத் தொப்பி, தண்ணி, அம்மாவுக்கு ஒரு குசன். தொலைநோக்கி ஒண்டு இருந்தா ரெண்டு பிள்ளைக்கும் சண்டை வரும், ஏலுமெண்டா ரெண்டு கொண்டுவாங்க.

அக்கரைப்பற்றில ஒரு பொடியன் இருக்கிறான், அனுமதி அட்டை உள்ளவன், தமிழும் சிங்களமும் நல்லாப் பேசுவான். எஞ்சினை நிப்பாட்டச் சொல்லிப் படகோட்டியோட வாதாடினதை நானே கண்டிருக்கன். அவனிட்டக் கேட்டிட்டுத் தனிமடல்ல எழுதுறன். ஆகஸ்ட் நெருக்கமான மாசம், திகதியை இந்தக் கிழமையே சொல்லுங்க.